ராஜா நடக்காது

நதேலா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆமையை எடுத்தாள், லமாராவின் ராஜாவுக்குக் காவலாக நின்ற சிப்பாயை வெட்டினாள், கடிகாரத்தைத் தட்டினாள், நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிவிட்டு மேடை ஓரத்துக்குப் போய் ஒரு தம்ளர் போர்ஜோமி சுனைத் தண்ணீரை ஊற்றிக் குடித்தாள். ஒரு முழுக் காயைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் நிதானத்தைப் பார்த்து மன்றமே வாயைப் பிளந்தது.

குறுக்குக் கோட்டில் ஓடும் மந்திரியைத்தான் ஜார்ஜியாவில் ஆமை என்பார்கள். ஒரே பாய்ச்சலில் பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகிற காய்க்கு ஆமை என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று குத்தாயிசி ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதும் இல்லை.

"போச்சுடா! ஆமையைக் கொண்டுபோய்க் கிணத்துல போட்டுட்டாளே," என்றான் இரண்டாவது வரிசையில் இருந்த டாக்ஸி டிரைவர் பிச்சிகோ. ஊரில் எந்தச் சதுரங்கப் போட்டி நடந்தாலும் வண்டியை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிற ஆள் அவன். அன்றைக்கெல்லாம் குத்தாயிசியில் அவசரமாக எங்கேயாவது போகவேண்டியவர்கள் நடந்துதான் போகவேண்டும்.

"வாயை மூடு. அது பலி. பின்னால ஏதோ வெச்சிருக்கா," என்றாள் பக்கத்தில் இருந்த ரொட்டிக் கடைக்காரி.

"என்னத்த வெச்சிருக்கா? வயசுக் கோளாறு."

நடுவர் உதட்டில் விரலை வைத்து முறைத்தார். பிச்சிகோ தொப்பியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான்.

மேடையில் லமாரா அசையவில்லை. ஆமை வருவதை அவள் எதிர்பார்க்கவில்லை, அதிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதிர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த நகர்வு அவளுக்குப் புதிதில்லை. உலகத்திலேயே இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த நகர்வு அது. ஒருத்தி அவள். இன்னொருவன் மூன்றாவது வரிசை ஓரத்தில் மழைக்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் குராம்.

அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்ததே சதுரங்கம்தான். கல்யாணத்தில் அம்மா வீட்டிலிருந்து பாத்திரம், மெத்தையோடு ஒரு பலகையும் காய்களும் வந்தன. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அதையும் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். மற்ற வீடுகளில் அது சுவரில் தொங்கும், தூசு படியும். இவர்கள் வீட்டில் சமையலறை மேசையை விட்டு அது நகர்ந்ததே இல்லை. சாப்பாட்டுத் தட்டுதான் பலகைக்கு இடம் விட்டு ஒதுங்கவேண்டும். குராம் மாஸ்டர் பட்டம் வாங்கியவன். ஆனால் நேரம் நெருங்கினால் கை நடுங்கிவிடும், ஜெயிக்கிற ஆட்டத்தைத் தோற்றுவிட்டு வருவான். முப்பது வயதில் ஆடுவதை விட்டுவிட்டு மனைவிக்குப் பயிற்சியாளன் ஆனான். மேடையில் அவள் உட்கார்ந்தால் அவனுக்குக் கை நடுங்காது.

அந்த ஆமைப் பலியை இருவரும் சேர்ந்துதான் தோண்டி எடுத்தார்கள். வெள்ளைக் காய்க்கு இப்படி ஒரு தாக்குதல் இருக்கிறது என்று அதுவரை எங்கும் அச்சாகவில்லை, யாரும் ஆடவில்லை. இப்படிப்பட்ட சரக்குக்கு முதல் தடவைதான் மதிப்பு. ஒருதரம் வெளியே வந்துவிட்டால் மறுவாரமே பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அதற்குப் பதில் வைத்திருக்கும். அதனால் சோவியத் சாம்பியன்ஷிப்புக்கு என்று அதைப் பூட்டிவைத்திருந்தார்கள். கூடப் பிறந்த அக்காவிடம்கூட லமாரா மூச்சுவிடவில்லை.

அந்த சாம்பியன்ஷிப்புக்குத்தான் இன்றைய ஆட்டம். அங்கே போக ஜார்ஜியக் குடியரசுக்கு ஒரே ஓர் இடம். கடைசிச் சுற்றில் நதேலாவைவிட அரைப் புள்ளி முன்னால் நின்றாள் லமாரா. ஜெயிக்க வேண்டாம், டிரா போதும், இடம் அவளுக்கு. தோற்றால் நதேலாவுக்கு. லமாராவுக்கு முப்பத்தாறு வயது. ஒரே ஒரு தடவை அங்கே போய்ப் பின்வரிசையில் முடித்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறாள். கீழேயிருந்து ஏறி வருகிற பெண்களைப் பார்த்தால் இனி இந்த வாசல் திறக்காது என்று தெரிந்தது. அவளுக்கு இது கடைசித் தடவை.

காலையில் அவள் அதைத்தான் சொன்னாள்.

"பிரெஞ்சு தடுப்பு ஆடிடறேன் குராம். சுவரைக் கட்டிட்டு உள்ள உக்காந்துக்கறேன். டிரா போதுமே."

"டிராவுக்குன்னு போறவ தோத்துட்டுத்தான் வருவா. நம்ம பார்க்காததா?" சோள ரொட்டியைப் பிளந்து நடுவில் பாலாடைக்கட்டியை வைத்து அவளிடம் நீட்டினான். "நீ உன் சிசிலியன் தடுப்பையே ஆடு பொண்ணே. அந்தப் பிள்ளைக்கு அதுல ஒரு மண்ணும் தெரியாது."

"நம்ம ஆமை வழி திறந்து கிடக்குமே. கறுப்புப் பக்கம் நானில்ல உக்காந்திருப்பேன்?"

"அது தெரிஞ்சது உனக்கும் எனக்கும். நான் என்ன நதேலாகிட்ட போய்ச் சொல்லப்போறேனா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். கிளம்பும்போது அவள் சட்டைக் காலரை அவன்தான் சரிசெய்துவிட்டான்.

இப்போது மேடையில் உட்கார்ந்துகொண்டு லமாரா அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். மனசு ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், இவள் தானே கண்டுபிடித்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு பேருக்கு ஒரே யோசனை வருவது நடக்காத காரியமா? அந்த நினைப்பை இறுகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள்.

ஆனால் ஓரச் சிப்பாய் விடவில்லை. ஆமையைப் பலிகொடுப்பதற்கு முன்னால் நதேலா வலது ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தாள். அப்போதே லமாராவுக்குச் சுருக்கென்றது. இந்தத் தாக்குதலுக்கு அந்தத் தள்ளல் தேவையே இல்லை. அது குராமுடைய கிறுக்கு. "கதவைச் சாத்திட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று எந்தத் தாக்குதலுக்கு முன்னாலும் அந்தச் சிப்பாயைத் தள்ளுவான். ஒரு நகர்வு வீணாகிறது என்று இவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், அவன் கேட்டதில்லை. யோசனை இரண்டு பேருக்கு வரலாம். ஒருத்தனுடைய கிறுக்கு இன்னொருத்திக்கு எங்கிருந்து வரும்?

மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். குராம் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய பெரிய பலகையைப் பார்த்தான், பிறகு கூட்டத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் பயமோ கூச்சமோ இருந்திருந்தால் அவளுக்கு ஓரளவு ஆறியிருக்கும். அவனோ சமைத்தவன் சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதுபோல் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னுடைய ஆமையைப் பார்த்து ஊர் வாயடைத்துப்போனதில் அவனுக்கு அப்படி ஒரு நிறைவு.

லமாராவுக்கு வயிறு எரிந்தது. வேறு வார்த்தை எதற்கு, வயிறுதான் எரிந்தது.

ஆமையைச் சிப்பாயால் வெட்டினாள். வெட்டாமல் விடவும் வழியில்லை. வெள்ளைக் குதிரை பாய்ந்து வந்து அந்தச் சிப்பாயை வெட்டி ராணியை மிரட்டியது. ராணியை நகர்த்தி அந்தக் குதிரையையே குறிவைத்தாள். நதேலா அதைக் கண்டுகொள்ளவே இல்லை, இரண்டாவது குதிரையையும் நடுப் பலகைக்குத் தூக்கிவந்து நிறுத்தினாள். எல்லாம் சமையலறையில் நடந்தபடியே, வரிசை மாறாமல் நடந்தது. லமாராவின் கை தானாக ஆடியது. தலை வேறு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

எப்போது சொல்லியிருப்பான்? நதேலாவின் பழைய பயிற்சியாளர் வசந்த காலத்தில் மாஸ்கோவுக்கு மாற்றலாகிப் போனார். "பாவம், ஆளில்லாம நிக்குது அந்தப் பொண்ணு," என்று குராம்தான் சாப்பிடும்போது சொன்னான். அதற்கப்புறம் ரியோனி ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பினான், மீனே இல்லாமல் திரும்பி வந்தான். கையாலாகாத மீன்காரன் என்று இவள் அவனைக் கேலி செய்திருக்கிறாள். விடுதியில் இருக்கிற பிள்ளை, நாக்குக்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று ஒரு ஜாடி பிளம் சட்னி கூடக் கொடுத்தனுப்பினாள். அதை அவன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பலகையில் அந்த நிலை வந்துவிட்டது. இரண்டு வெள்ளைக் குதிரைகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த பாய்ச்சலில் ராஜாவுக்குச் செக், அதே அடியில் யானைக்கும் வெட்டு. கறுப்பு ராஜா இடப்பக்கம் ஓடினாலும் சாவு, வலப்பக்கம் ஓடினாலும் சாவு. குராம் இந்த இடத்தில்தான் கையைத் தட்டி, "கறுப்பு காலி" என்று தீர்ப்புச் சொல்வான்.

முதல் தடவை அவன் அப்படிச் சொன்னபோது, "ராஜா முன்னால வந்தா?" என்று இவள் கேட்டாள்.

"எங்க முன்னால?"

"ஒரு கட்டம். குதிரைக்குப் பக்கத்துல."

"நடு ஆட்டத்துல ராஜா நடக்காது லமாரா. நடந்தா அது ராஜா இல்ல, தபால்காரன்."

அவளும் சிரித்துவிட்டு விட்டாள். ஆனால் கோடையில் அவன் பத்தூமிக்குப் போயிருந்த வாரத்தில், மேசையில் வால்நட்டை உடைத்துக்கொண்டிருந்தவளுக்கு என்ன தோன்றியதோ, ராஜாவை ஒரு கட்டம் நடக்க விட்டாள். ராஜா நடந்தது. குதிரையின் மூக்கடியில் போய் நின்றது. அங்கே அந்தச் செக் எட்டவில்லை. முன்னால் வந்த குதிரையை ராஜாவும் ராணியும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. எப்படியெல்லாமோ திருப்பித் திருப்பி வெள்ளைக்கு வழி தேடினாள், கிடைக்கவில்லை. குராமின் அழகான ஆமைப் பலி ஓட்டைப் பாத்திரம் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. காய்களைப் பழையபடி அடுக்கிவைத்துவிட்டு வால்நட்டை உடைக்கத் தொடங்கினாள்.

அவனிடம் சொல்லவில்லை. ஒருமுறை நண்பர்கள் நடுவில் அவனுடைய கணக்கில் ஒரு பிழையை எடுத்துக் காட்டிவிட்டாள். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை, ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆடுவதை விட்டவனுக்கு மிச்சமிருந்தது அந்தக் கணக்கு ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்தது. அதனால் இந்தத் தடவை பக்குவமாக, அவனே கண்டுபிடித்ததுபோல் அவன் கண்ணில் படவைத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். கட்டியவனின் மனசு நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கிறவர்களுக்கு இந்த வித்தையெல்லாம் கைவந்ததுதான்.

கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. லமாரா ராஜாவைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எதிராளி என்ன செய்வாள் என்று அவள் யோசிக்கவில்லை. இதை ஆடிவிட்டால் குராம் செய்தது வெளியே வந்துவிடும், பிறகு இல்லை என்று சொல்ல முடியாது. ஆடாமல் தோற்றுவிட்டால், சின்னப் பெண் தானே கண்டுபிடித்தாள் என்று மிச்ச நாளைப் பொய்யாக ஓட்டிவிடலாம். அப்படியும் ஒரு நிமிஷம் யோசித்தாள் என்பதுதான் வெட்கக்கேடு. பிறகு ராஜாவைத் தூக்கி ஒரு கட்டம் முன்னால் வைத்தாள்.

"ராஜாவை எங்க கூட்டிட்டுப் போறா? சந்தைக்கா?" பிச்சிகோவுக்குத் தொப்பியெல்லாம் மறந்துபோனது.

"உன் டாக்ஸியத்தான் தேடுது," என்றாள் ரொட்டிக் கடைக்காரி.

கூட்டம் சிரித்தது. குராம் சிரிக்கவில்லை. பாதி எழுந்து நின்றிருந்தான், மடியிலிருந்த மழைக்கோட்டு தரையில் விழுந்தது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக அவன் தன் மனைவியைப் பார்த்தான்.

நதேலா தண்ணீர் குடிக்கப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். காது மடல் சிவந்தது. பலகையைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். பிறகு எந்த ஆட்டக்காரியும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். தலையைத் திருப்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் மறந்த பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற பார்வை அது. லமாராவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் அங்கே தீர்ந்தது.

ரொம்ப நேரம் கழித்து நதேலா குதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கண்ணை நிமிர்த்தாமல் முணுமுணுத்தாள். "டிரா?"

டிரா போதும். அதற்காகத்தானே காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியது. புத்தியுள்ளவர்கள் யாராக இருந்தாலும் கையைக் குலுக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள். லமாராவின் கையும் மேசையை விட்டுப் பாதி எழும்பியது. ஆனால் டிரா என்றால் அந்த ஆமைக்குச் சாவில்லை. குராம் இன்று சாப்பாட்டு மேசையில் கிளாஸைத் தூக்கி அவள் பெயரில் வாழ்த்துச் சொல்வான். பிறகு பலகையை இழுத்துவைத்து, "வெள்ளைக்கு இன்னும் நல்ல வழி இருந்தது," என்பான். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைத் தேடுவார்கள். அந்த மேசையை நினைத்ததும் பாதி எழும்பிய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"ஆடு," என்றாள்.

அதற்கப்புறம் சொல்ல அதிகம் இல்லை. ராணி வெள்ளையின் நடுச் சிப்பாயைச் செக்கோடு பிடுங்கியது. ஒரு குதிரை மாட்டிக்கொண்டது, இன்னொன்று தப்பித்து மூலைக்கு ஓடி அங்கேயே அடைபட்டது. லமாரா ஒரு நகர்வில்கூடப் பிசகவில்லை. இவ்வளவு சுத்தமான ஆட்டத்தை அவள் ஆயுளில் ஆடியதில்லை, இவ்வளவு சந்தோஷமில்லாமலும் ஆடியதில்லை. நதேலா கையை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டபோது மன்றம் எழுந்து நின்று தட்டியது. பிச்சிகோ நாற்காலி மேலேயே ஏறிவிட்டான்.

தோற்றவர் உடனே எழுந்து போகக்கூடாது என்பது இந்த ஆட்டத்தின் மரியாதை. இருவரும் அதே பலகையில் பழைய நிலையை அடுக்கி, எங்கே கெட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்பார்கள். எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அதைச் செய்வார்கள். நதேலா கண்ணைத் துடைத்துக்கொண்டு காய்களை அடுக்கினாள். இரண்டு குதிரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். ராஜாவைத் தொட்டாள்.

"இது எப்படி அக்கா? நடு ஆட்டத்துல ராஜா நடக்காதுன்னு..." என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நடந்தா தபால்காரன். அப்படித்தானே சொன்னான்?"

நதேலாவின் முகம் வெளுத்துப்போனது. "மன்னிச்சிருங்க லமாரா அக்கா. நான் போய்க் கேக்கல. அவராத்தான் வந்தாரு. நான் ஜெயிச்சா பயிற்சியாளரா கூட வரேன்னாரு."

"எப்ப வந்தான்?"

"நீங்க சட்னி குடுத்தனுப்பினீங்களே, அன்னிக்கு."

லமாரா தலையாட்டினாள். நியாயமாகப் பார்த்தால் அதோடு எழுந்திருக்கவேண்டும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் மாட்டிக்குவேன்னு அவனுக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்? நான் வேற ஏதாவது யோசிச்சிருந்தா?"

நதேலா ராஜாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "நான் காட்டாத நகர்வை அவ பார்க்கவே மாட்டான்னு சொன்னாரு," என்றாள் மெதுவாக.

காலையிலிருந்து பட்டது எல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அந்த வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காய் நகர்த்திய அத்தனை வருஷமும் அவன் கண்ணுக்கு அவள் வெறும் கை. லமாரா அந்தப் பெண்ணின் கையிலிருந்து ராஜாவை வாங்கிப் பலகையில் வைத்தாள்.

"நல்லா ஆடின நீ. அந்த ஓரச் சிப்பாயை மட்டும் இனிமே தள்ளாத. அதுக்கு அங்க ஒரு வேலையும் இல்ல."

வெளியே தாழ்வாரத்தில் ஆட்கள் மொய்த்துக்கொண்டார்கள். ரொட்டிக் கடைக்காரி கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் வைத்தாள். "மகாராணி, எங்க வேணாலும் சொல்லு, கொண்டுபோய் விடறேன், மாஸ்கோவரைக்கும் விடறேன்," என்றான் பிச்சிகோ. எல்லோரிடமிருந்தும் பிய்த்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். அங்கே குராம் காத்திருந்தான்.

அந்த நாலு எட்டு நடப்பதற்குள் அவள் மனசு என்னவெல்லாமோ செய்தது. அவன் ஒரு பொய் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அந்தப் பொண்ணு என்னை ஏமாத்திடுச்சு, குடிச்சிருந்தேன், வாய் தவறிடுச்சு. எதையாவது சொன்னால் போதும். நம்புவதற்கு அவள் தயாராகவே வந்தாள். பல வருஷம் ஒரு வீட்டில் இருந்துவிட்டால் நம்புவதும் ஒரு பழக்கம்தான்.

குராமின் கண் கலங்கியிருந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"எப்ப கண்டுபிடிச்ச?" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. "எதை?"

"ராஜா முன்னால வர்றது. மேடைல வந்த யோசனை இல்ல அது. உன் கை எனக்குத் தெரியும். எப்ப கண்டுபிடிச்ச?"

"கோடையில. நீ பத்தூமி போயிருந்தப்ப."

"கோடையிலயா?" அவன் கை தோளிலிருந்து நழுவியது. "கோடையிலருந்து தெரியுமா உனக்கு?"

"குராம், நீ என்ன பண்ணினேன்னு உனக்குத் தெரியுதா?"

"அது வேற லமாரா." பலகையில் ஒரு நிலையை எடைபோடுகிற அதே குரலில், கோபமில்லாமல் சொன்னான். "அவளுக்குப் பத்தொன்பது வயசு. அவ உலக சாம்பியன் ஆவா, நீயே பாரு. நீ போனா என்ன ஆகும்? பன்னெண்டாவது இடம். பதிமூணாவது இடம். ஒரு தடவையாவது ஜெயிக்கிறவ பக்கத்துல நிக்கணும்னு எனக்கு இருக்காதா? அதைப் பத்தி நாம வீட்டுல பேசலாம், திட்டு, அடி, நான் வாங்கிக்கறேன். ஆனா நீ பண்ணினது? என் எதிர்ல உக்காந்து, நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே, நான் பேசப்பேசத் தலையாட்டி... உப்பை எடுத்துக் குடுத்துட்டு உக்காந்திருந்தியே. துரோகம்னா அதுதான்."

அவன் நடிக்கவில்லை. கண்ணீர் நிஜமாகவே கன்னத்தில் இறங்கியது. அவள் வாழ்க்கையைத் தூக்கிக் கொடுத்ததற்காக வராத கண்ணீர் அந்த ஆமை செத்ததற்காக வந்தது.

"சொன்னா நீ சாப்பிட மாட்டே," என்றாள் லமாரா.

அவன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துப் பலகை ஒன்றை எடுத்து ஜன்னல் விளிம்பில் விரித்தான். குண்டூசித் தலை போன்ற காய்களை ஒவ்வொன்றாகச் சொருகினான். இரண்டு குதிரைகள். ராணி. முன்னால் வந்து நின்ற ராஜா.

"சரி, ராஜா இங்க வந்துருச்சு. குதிரை பின்னால போய் செக் வைக்குது. அப்ப?"

"ராஜா திரும்பிப் போகும்," என்றாள் அவள். வாய் தானாகச் சொன்னது.

"போகட்டும். இந்தக் குதிரை போய் யானையைப் பிடிக்குது."

"பிடிக்கட்டும். ராணி நடுச் சிப்பாயை எடுத்து செக்."

"ஆமா... ஆமா. அது சரி. ஆனா அதுக்கு முன்னாலயே வெள்ளை கோட்டை கட்டிட்டா? அப்ப செக் கிடையாதே. கறுப்பு என்ன பண்ணும்?"

அதற்கும் பதில் இருந்தது. நாக்கின் நுனியில் இருந்தது. கோடையில் அவள் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது அந்த இடத்தில்தான். அவன் முகம் ஆவலில் மலர்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளைக் கல்யாணம் செய்துகொண்ட நாளில்கூட அவன் அப்படிப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டால் அவன் அதை எடுத்துக்கொண்டு எங்கே போவான் என்பது அவளுக்குத் தெரியும். அதைவிட, அவன் கேட்டதும் சொல்லத் தொடங்கிவிட்ட தன்னை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பு கூசியது.

"அதை நீயே கண்டுபிடி," என்றாள்.

படியில் இறங்கினாள். திருப்பத்தில் ஒரு நொடி நின்று அண்ணாந்து பார்த்தாள். பின்னாலேயே ஓடிவருவான், பேர் சொல்லியாவது கூப்பிடுவான் என்று அப்போதும் எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்தாள். குராம் ஜன்னல் பக்கம் குனிந்து நின்று காய்களை மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தான்.